கம்பெனியின் குணம் வாட்ஸ்அப் குழுவில் தெரியும்: பணியிடப் பண்பாட்டைக் கட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் 30 முதல் 200 பேர் வரை வேலை பார்க்கும் கம்பெனிகளுக்கான வழிகாட்டி இது. ஆம்பூர் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டை சிப்காட் பட்டறை, குடியாத்தம் கைலி நிறுவனம், காட்பாடியில் மாடியில் இயங்கும் மென்பொருள் ஆபீஸ் எதுவானாலும் படிகள் ஒன்றுதான். உதாரணங்களில் பெரும்பாலானவை ஷூ கம்பெனியிலிருந்து எடுத்தவை. மற்றவர்கள் தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஓனர் ஊரில் இல்லாத நாளில் ஒரு தப்பு நடக்கிறது. அதை யார், யாரிடம், என்ன வார்த்தையில், எவ்வளவு நேரத்துக்குள் சொல்கிறார்கள்? இங்கே பண்பாடு என்று சொல்வது இதைத்தான். முன்பெல்லாம் இது லைனிலும் டீக்கடையிலும் தெரிந்துவிடும். இப்போது பெரும்பகுதி போனுக்குள் நடக்கிறது. போனைக் கண்டுகொள்ளாமல் சுவரில் வாசகம் மாட்டுபவர்களுக்குச் சட்டகக் காசு நஷ்டம்.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாக இறங்குபவர்கள் நேராக 3-ஆம் படிக்குப் போய் விதி எழுத உட்காருகிறார்கள். அந்த விதிகள் ஏன் நிற்பதில்லை என்பது முதல் இரண்டு படிகளைப் படித்தால் புரியும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கம்பெனி பெயரில் வாங்கிய ஒரு சிம், அதற்கு ஒரு போன். குழுக்களுக்கெல்லாம் முதல் அட்மின் அந்த எண்தான். எச்.ஆர். பார்ப்பவரின் சொந்த எண்ணை அட்மினாக வைத்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் குழுவும் அவரோடு போய்விடும்.

கம்பெனி பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு. லீவுப் பட்டியல், படிவங்கள், கூகுள் ஷீட் எல்லாம் அதில் உருவாக்கியவையாக இருக்க வேண்டும். யாருடைய கணக்கில் கோப்பு உருவானதோ அவர்தான் அதற்கு உரிமையாளர். அவர் அழித்தால் எல்லோருக்கும் போய்விடும்.

ஓனரின் நேரம், வாரத்துக்கு 2 மணி நேரம், 12 வாரத்துக்கு. இதைக் கொடுக்க முடியாதென்றால் இப்போது தொடங்க வேண்டாம். பாதியில் விட்ட முயற்சிக்குப் பிறகு அடுத்த முயற்சியை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு நீள நோட்டு. செயலி எதுவும் வேண்டாம்.

1. முதலில் பாக்கியைத் தீர்க்கவும்

சம்பளம், ஓவர்டைம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., லீவுக் கணக்கு ஆகிய ஐந்தையும் முதல் மாதத்திலேயே நேர்செய்ய வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கு 15-ஆம் தேதிக்குள், ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. சம்பளச் சீட்டு தமிழில் இருக்கட்டும். எந்தப் பிடித்தம் எதற்கு என்பது ஒவ்வொரு வரியாகத் தெரிய வேண்டும்.

காரணம் எளிது. அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் தொழிலாளியே திறந்து பார்க்கிறார். தனக்குத் தெரியாவிட்டால் பிளஸ் டூ படிக்கும் மகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். இரண்டு மாதப் பங்கு ஏறவில்லை என்று தெரிந்த அன்றே பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு மறுநாள் ‘வெளிப்படைத்தன்மை நம் மதிப்பு’ என்று எழுதி ஒட்டினால் சிரிப்புதான் வரும்.

இங்கே நடக்கும் தவறு ஒன்று உண்டு. பாக்கி இருந்தால் சத்தமில்லாமல் கட்டிவிடுகிறார்கள். எந்த மாதத்துப் பாக்கி, எவ்வளவு, எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பதைப் பலகையில் போடுங்கள். தப்பை ஒப்புக்கொள்ளும் பழக்கம் மேலிருந்துதான் தொடங்க வேண்டும். இது அதற்கு முதல் சந்தர்ப்பம்.

2. இரண்டு வாரம் பாருங்கள், எதையும் மாற்றாதீர்கள்

கம்பெனி சம்பந்தமான எல்லா வாட்ஸ்அப் குழுக்களையும் நோட்டில் பட்டியலிடுங்கள். ‘ஆல் ஸ்டாஃப்’, ‘ஸ்டிச்சிங் லைன் 2’, ‘கியூ.சி. அர்ஜென்ட்’, ‘ரூட் 4 பஸ்’, போன வருஷம் ஆயுத பூஜைக்கு ஆரம்பித்து இன்னும் கலையாமல் கிடப்பது என்று நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே வரும். ஓனரும் மேனேஜரும் இல்லாமல் தொழிலாளர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் குழுவைத் தேடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். கேட்டது தெரிந்த அன்றே உங்களிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

ஒவ்வொரு குழுவிலும் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணிக்குப் பிறகு வந்த வேலைச் செய்திகள் எத்தனை. எல்லோர் முன்னிலையிலும் ஒருவரைத் திட்டியது எத்தனை. கேட்ட கேள்விக்கு 24 மணி நேரத்தில் பதில் வராதது எத்தனை. இந்த மூன்று எண்களும் கடைசிப் படியில் மீண்டும் தேவைப்படும்.

அடுத்து 12 பேரிடம் தனித்தனியாக 15 நிமிடம் பேசுங்கள். புதியவர் 4, பழையவர் 4, சூப்பர்வைசர் 2, செக்யூரிட்டி ஒருவர், ஆயா ஒருவர். ஆயாவை விட்டுவிடாதீர்கள். யார் எங்கே நின்று அழுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். கேள்வி மூன்று: கடைசியாக ஒரு தப்பு நடந்தபோது என்ன ஆயிற்று? லீவு கேட்க யாரிடம் போவீர்கள், ஏன் அவரிடம்? புதிதாகச் சேரும் உங்கள் தங்கைக்கு இந்தக் கம்பெனியைப் பற்றி என்ன எச்சரிக்கை சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் வரும். முதல் இரண்டும் வாயைத் திறக்க வைப்பதற்கு.

மொழியைக் கவனியுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருது பேசுபவர்கள் நிறையப் பேர். எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கு. வடமாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தி. அந்த மொழி பேசும் ஒருவரே கேட்டால்தான் நேரான பதில் கிடைக்கும். அவர்களுடைய சூப்பர்வைசரையே மொழிபெயர்ப்பாளராக வைத்தால் கேட்காமலே இருந்திருக்கலாம்.

பெயர் தெரியாமல் கருத்து வாங்க நினைப்பவர்கள் வழுக்கும் இடம் மூன்று. வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். கூகுள் படிவத்தில் ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்பதை இயக்கினால் கணக்கில் உள்நுழையச் சொல்லிக் கேட்கும். உங்களுக்குப் பெயர் வராவிட்டாலும் நிரப்புபவர் பயந்து மூடிவிடுவார். மூன்றாவது, கருத்துப் பெட்டியை பயோமெட்ரிக் மெஷினுக்குப் பக்கத்தில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டுவது. தண்ணீர்க் குழாய் இருக்கும் மூலையில் மாட்டுங்கள்.

3. ஐந்து விதிக்கு மேல் எழுத வேண்டாம்

‘நேர்மை, தரம், கூட்டு முயற்சி’ என்பவை விதிகள் அல்ல. ஒரு விதி தேறுமா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். நேற்று இதை யார் மீறினார் என்று சொல்ல முடியுமா? ஓனரே இதை மீற வாய்ப்பு உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் வைத்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு லீவு விதி. வழக்கமாக எழுதுவது: ‘விடுப்பு முன்கூட்டியே உரிய அனுமதியுடன் எடுக்கப்பட வேண்டும்.’ இதைப் படித்தவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. மாற்றி எழுதினால் இப்படி இருக்கும்:

‘நாளைக்கு லீவு வேண்டுமென்றால் இன்று மாலை 6 மணிக்குள் உங்கள் லைன் சூப்பர்வைசருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் உடம்பு முடியவில்லை என்றால் பஸ் உங்கள் நிறுத்தத்துக்கு வரும் முன் சொல்லுங்கள். இரவு 8 மணிக்குள் சூப்பர்வைசர் பதில் போடுவார். பதில் வராவிட்டால் லீவு உண்டு என்று அர்த்தம்.’

கடைசி வரிதான் விதிக்கே உயிர். பதில் போடும் கடமையை அது சூப்பர்வைசர் தலையில் வைக்கிறது. அது இல்லாவிட்டால் பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து அடுத்த முறை சொல்லாமலே நின்றுவிடுவார்கள்.

நம் பக்கத்துக்குக் கட்டாயம் வேண்டிய விதி இரண்டு. ஒன்று, எல்லோருக்கும் ‘நீங்க’. இருபத்து நாலு வயது சூப்பர்வைசர் ஐம்பது வயது அம்மாவை ‘நீ, வா, போ’ என்பதும், அதே வாயால் ஆபீஸ்காரருக்கு ‘சார்’ போடுவதும் பல கம்பெனிகளில் இயல்பாகிவிட்டது. குழுவில் எழுதும்போதும் ‘நீங்க’தான். இரண்டு, சாதி. ‘எந்த ஊர்?’ என்று கேட்டதோடு நிற்காமல் ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று தோண்டுவது எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். வேலை கொடுக்கும்போதும், உட்கார இடம் ஒதுக்கும்போதும், சாப்பிடும் இடத்திலும் அந்தக் கேள்வி கூடாது. கம்பெனிக் குழுவில் சாதித் தலைவர் படம், கட்சிக்கொடி, மதச் சண்டைக் காணொளி கூடாது. இதைப் பொத்தாம்பொதுவாக ‘நல்லிணக்கம்’ என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது. பெயர் சொல்லி எழுதுங்கள்.

மற்ற மூன்றை உங்கள் 12 பேர் சொன்னதிலிருந்து எடுங்கள். அவர்கள் வாயில் வந்த வார்த்தையே விதியில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் இன்னும் ஒட்டாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். அடுத்த படி அதற்குத்தான்.

4. முதல் நான்கு வாரம் ஓனரும் மேனேஜர்களும் மட்டும்

விதிகளை அறிவிக்கும் முன் 4 வாரம் மேலே இருப்பவர்கள் அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். ஊருக்கு உபதேசம் என்ற பேச்சு வராமல் இருக்க இதைவிட்டால் வேறு வழி இல்லை. நான்கு வாரத்தில் ஓனராலேயே முடியாது என்று தெரிந்த விதியை எடுத்துவிடலாம். அறிவித்த பிறகு எடுத்தால் மானம் போகும்.

இதில் கடினமானது இரவுச் செய்தி. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் அது சோம்பலால் வருவது அல்ல, கடிகாரத்தால் வருவது. ஜெர்மனியும் இத்தாலியும் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். அங்கே மாலை 5 மணிக்கு பையர் (சரக்கு வாங்குபவர்) அனுப்பும் மெயில் நமக்கு இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. அதைப் பார்த்த ஓனர் அப்படியே குழுவில் தட்டிவிடுகிறார். குடியாத்தத்தில் வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும் லைன் சூப்பர்வைசர் அதைப் பார்த்து, தன் லைன் ஆட்களுக்கு அனுப்பி, பத்து மணிக்கு ஆறு வீட்டில் தூக்கம் போகிறது. வேலை தொடங்குவது என்னவோ மறுநாள் காலைதான்.

தீர்வு: பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களில் வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து மாலை மெயிலைப் பார்க்கட்டும். அவர் மறுநாள் காலை ஒரு மணி நேரம் தாமதமாக வரலாம். ஓனருக்கு ஏதாவது தோன்றினால் கம்பெனிப் போனில் தட்டச்சு செய்து அனுப்பாமல் வைத்துவிட்டு, காலையில் அனுப்பட்டும். மின்னஞ்சலாக இருந்தால் ஜிமெயிலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி உண்டு. இரவு 8 மணிக்கு மேல் அனுப்பக்கூடியவை மூன்றே: பஸ் நேர மாற்றம், நாளை கம்பெனி விடுமுறை, உயிர் சம்பந்தப்பட்டது.

‘நான் அனுப்புவேன், நீங்கள் காலையில் பார்த்தால் போதும்’ என்பார்கள் சில ஓனர்கள். சம்பளம் கொடுப்பவரின் பெயர் திரையில் வந்தால் யாரும் காலை வரை காத்திருக்க மாட்டார்கள்.

5. பழைய குழுக்களைக் கலைத்து மூன்று அடுக்காக்கவும்

இப்போது வாட்ஸ்அப்பில் ‘கம்யூனிட்டி’ ஒன்றைக் கம்பெனிப் போனில் உருவாக்குங்கள். அதற்குள்:

அறிவிப்புக் குழு. எல்லோரும் இருப்பார்கள், அட்மின் மட்டும் எழுதலாம். நாளுக்கு 2 செய்திக்கு மேல் போகக்கூடாது.

லைன் குழு. கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் (தைத்ததை அச்சில் இழுத்து ஒட்டுவது), ஃபினிஷிங், பேக்கிங் என்று பிரித்து, 25 பேருக்கு மேல் வேண்டாம். எல்லோரும் எழுதலாம்.

பஸ் குழு, ரூட் வாரியாக. இரவிலும் விடியற்காலையிலும் திறந்திருக்கும் ஒரே குழு இது.

சாதாரணக் குழுவை விடுத்து கம்யூனிட்டி என்று சொல்லக் காரணம் உண்டு. 140 பேர் இருக்கும் சாதாரணக் குழுவில் ஒரு பெண்ணின் எண் மற்ற 139 பேருக்கும் தெரியும். இரவில் ‘ஹாய்’ என்று வரும் தொல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண் அட்மினுக்கும், தன்னோடு வேறு குழுவில் இருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். லைன் குழுவில் எண் தெரியும் என்பதால்தான் அதைச் சிறிதாக வைக்கிறோம்.

செய்ய வேண்டிய அமைப்புகள்: அட்மின் இருவர், கம்பெனிப் போனும் ஒரு மூத்த பெண் ஊழியரும். புதியவரைச் சேர்க்க அட்மின் ஒப்புதல். குழுப் படம், பெயர் மாற்றும் உரிமை அட்மினுக்கு மட்டும். அறிவிப்புக் குழுவில் தானாக மறையும் செய்தி வசதியை அணைத்து வையுங்கள். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் என்ன சொன்னோம் என்பது இருக்க வேண்டும்.

பழைய குழுவைத் திடீரென்று கலைக்காதீர்கள். 7 நாள் முன்னறிவிப்பு கொடுங்கள், பிறகு அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றுங்கள், ஒரு மாதம் கழித்து ஆட்களை விடுவியுங்கள். பிறந்தநாள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாப் படம், மொய் விவகாரம் பேச ஒரு குழு வேண்டுமென்றால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஓனர் அதில் சேரக்கூடாது.

எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்காக ஒவ்வொரு அறிவிப்போடும் 40 நொடிக்குள் ஒரு வாய்ஸ் மெசேஜ், தேவையானால் உருதுவிலும் இந்தியிலும். மூன்று நிமிட வாய்ஸை யாரும் கேட்பதில்லை.

குழுவில் வரவே கூடாதவை: ஆதார் நகல், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு, தனி ஆளின் சம்பளம். சேரும் நாளில் ஆதாரைப் படமெடுத்துக் குழுவில் போடச் சொல்லும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கம்பெனியின் பொறுப்பாக வைக்கிறது. சம்பள மாற்றம், எச்சரிக்கை, நீக்கம் எல்லாம் காகிதத்தில் மட்டும்.

6. சூப்பர்வைசரின் வாய்

எல்லாம் சரியாகச் செய்தும் பண்பாடு நிற்கவில்லை என்றால் ஓட்டை பெரும்பாலும் இங்கேதான். தொழிலாளிக்குக் கம்பெனி என்றால் ஓனர் இல்லை, எட்டு மணி நேரமும் பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர். அவர் நன்றாகத் தைத்ததற்காக சூப்பர்வைசர் ஆக்கப்பட்டவர். எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருடைய பழைய சூப்பர்வைசர் திட்டியதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி.

வாரம் ஒன்றாக ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் 30 நிமிடம், வேலை நேரத்துக்குள். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், ஜும்ஆ தொழுகைக்குப் போவார்கள். குடியாத்தம் பக்கம் ஆட்கள் அதிகம் என்றால் வைகாசி முதல் தேதியும் வேண்டாம், அன்று சிரசுத் திருவிழா. சொற்பொழிவு கூடாது. நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து, என்ன சொன்னார், வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று வாயால் பேசிப் பழக வேண்டும்.

ஒரு சம்பவத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஸ்டிச்சிங் லைனில் அப்பரின் (ஷூவின் மேல்பாகம்) ஓரத்திலிருந்து தையல் விலகிப் போயிருக்கிறது. கியூ.சி. (தரம் பார்ப்பவர்) படமெடுத்து 140 பேர் குழுவில் போடுகிறார்: ‘டோக்கன் 47. இன்னாமா இது? கண்ணு தெரியலயா? 14 ஜோடி போச்சு.’ கீழே மூன்று பேர் சிரிப்புப் பொம்மை.

47-ஆம் டோக்கன் அம்மா அடுத்த முறை என்ன செய்வார்? தப்பு தெரிந்தாலும் அடியில் செருகி நகர்த்திவிடுவார். துணியானால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது, பிரித்தாலும் தடம் நிற்கும். இரண்டாவது ஜோடியில் தெரிந்தால் நஷ்டம் இரண்டு ஜோடி. லாஸ்டிங் வரை போய் அச்சில் இழுத்து ஒட்டிய பிறகு தெரிந்தால் சோலும் (ஷூவின் அடிப்பாகம்) கூலியும் சேர்ந்து போகும். திட்டியதால் மிச்சம் ஒன்றுமில்லை, மறைத்ததால் போனது மொத்த லாட்.

அதே விஷயம் வேறு விதமாக: கியூ.சி. படத்தைக் குழுவில் போடாமல் நேராக மெஷினுக்குப் போகிறார். ‘அக்கா, இந்த ஓரம் பாருங்க, வெலகுது. எந்த ஜோடியில இருந்து இப்டி வருது? கைடு நகர்ந்துடுச்சா, லைட்டு பத்தலயா?’ தப்பு எங்கே தொடங்கியது என்று கேட்டால் காரணம் வரும். ‘ஏன் பண்ணினே?’ என்று கேட்டால் சாக்குதான் வரும்.

இதையொட்டி ஒரு விதி: தப்பு நடந்த ஒரு மணி நேரத்துக்குள் தானே சொன்னவருக்குப் பிடித்தமும் இல்லை, மெமோவும் இல்லை. மறைத்தது தெரிந்தால்தான் நடவடிக்கை. கூடவே, புதிய ஸ்டைல் ஏறும்போது முதல் 2 ஜோடியைக் காட்டிவிட்டுத்தான் மூன்றாவதைத் தைக்க வேண்டும். பண்பாட்டு விதியோடு வேலை முறையையும் மாற்றாவிட்டால் பழைய வாய் திரும்பிவரும்.

பாராட்டைக் குழுவில் போடலாம். ஆனால் ‘சூப்பர் டீம்’ வேண்டாம். ‘லைன் 2-இல் இன்று ரிஜெக்ஷன் 3 ஜோடி, போன வாரம் இதே ஸ்டைலில் 11’ என்று போடுங்கள்.

7. புகார் போகும் வழி

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர். உறுப்பினரில் பாதியாவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் எழுத்தில் வர வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகக்கூடாது.

காகிதத்தில் குழு இருக்கும், யாருக்கும் தெரியாது என்பதுதான் பொதுவான நிலை. பெயர்களும் எண்களும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கட்டும். ஆபீஸ் பலகை முன் நின்று எண்ணைக் குறித்துக்கொள்பவரை நாலு பேர் பார்ப்பார்கள்.

இரவு 11 மணிக்கு சூப்பர்வைசர் அனுப்பும் வேண்டாத செய்தியும் பணியிடப் புகாருக்குள் வரும். முதல் வேலை: ‘அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க’ என்று சொல்வது. வெட்கத்தில் அழித்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

பத்துப் பேருக்குக் குறைவானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் பலகையில் வேலூர் முகவரியே இருந்தால், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர், சிப்காட்காரர்கள் ராணிப்பேட்டை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சம்பளம், பஸ், சாப்பாடு போன்ற மற்றப் புகாருக்கு ஒரே விதி: 3 வேலை நாளுக்குள் பதில், முடியாது என்றாலும் பதில்.

8. புதியவரின் முதல் ஏழு நாள்

முதல் நாள் கம்பெனிக் காணொளியும் உரையும் வேண்டாம். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, சாப்பாட்டுக்கு யாரோடு உட்காரலாம், பஸ் தவறினால் யாரைக் கூப்பிடுவது என்ற நான்கும் தெரிந்தால் போதும். அதே லைனில் இருந்து ஒருவரைத் துணைக்குப் போடுங்கள். அவருக்கு அந்த வாரம் டார்கெட்டைக் குறைத்துக்கொடுக்க வேண்டும். பீஸ் ரேட்டில் (எண்ணிக்கைக்குக் கூலி) இருப்பவர் என்றால் குறைந்ததை ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாமல் துணைக்குப் போட்டால் புதியவர் அவருக்குச் சுமை, அதை முகத்தில் காட்டிவிடுவார்.

மூன்றாம் நாள் எச்.ஆர். இரண்டு நிமிடம் பேசட்டும். ஏழாம் நாள் சூப்பர்வைசர் இல்லாமல் பத்து நிமிடம். எண்ணைக் குழுவில் சேர்க்கும் முன் கேட்க வேண்டும். சில வீடுகளில் போன் கணவருடையது.

9. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இருந்தால்

காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் வீட்டில் இருந்துகொண்டு சென்னை, பெங்களூர் ஆபீஸுக்கு வாரம் இரண்டு நாள் ரயிலேறுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஆபீஸில் டீ குடிக்கும்போது எடுத்த முடிவு அவர்களுக்குத் தெரியாது. எந்த முடிவானாலும் அன்றே ஐந்து வரி எழுதிப் பொதுக் கோப்பில் போடுங்கள். என்ன முடிவு, ஏன், யார் செய்வது, எப்போதைக்கு, யாருக்கு ஆட்சேபம் என்பவை போதும். கேமராவை எப்போதும் திறந்து வைக்கச் சொல்வதும், மவுஸ் அசைவைக் கண்காணிப்பதும் வேண்டாம். மவுஸை அசைக்க ஃபேன் காற்றில் ஆடும் கயிறு போதும்.

10. விட்டுப் போகிறவர், இணையத்தில் எழுதுகிறவர்

கணக்கை முடித்து, அனுபவச் சான்றைக் கையில் கொடுத்து, லைன் குழுவில் ஒரு வரி விடை சொல்லி, அதன் பிறகுதான் குழுவிலிருந்து எடுக்க வேண்டும். வாசலைத் தாண்டும் முன்பே ‘ரிமூவ்டு’ என்று வருவதைப் பார்ப்பவர் அவர் ஒருவர் இல்லை.

கூகுள் மேப்ஸிலோ, ஊழியர்கள் கம்பெனிகளை மதிப்பிடும் ஆம்பிஷன்பாக்ஸ் தளத்திலோ கம்பெனியைப் பற்றி மோசமாக எழுதியிருந்தால் யார் எழுதியது என்று தேட வேண்டாம். ஊழியர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லவும் வேண்டாம். ஒரே வாரத்தில் இருபது பாராட்டு வந்தால் வேலை தேடும் பையன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். சொன்னதில் உண்மை இருந்தால் திருத்திவிட்டு, எந்த மாதத்தில் என்ன மாறியது என்று இரண்டு வரி பதில் போடுங்கள்.

11. மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்க

2-ஆம் படியில் குறித்த மூன்று எண்களோடு இன்னும் மூன்று: சொல்லாமல் லீவு போட்டவர்கள், சேர்ந்து 90 நாளுக்குள் போனவர்கள், வந்த புகார்கள். முதல் மூன்று மாதம் புகார் கூடும். கூடவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், வழி இன்னும் அடைத்திருக்கிறது.

90-ஆம் நாள் ஐந்து விதியையும் லைனில் நின்று உரக்கப் படியுங்கள். யாரும் பயன்படுத்தாத ஒன்று இருக்கும். புதுத்தாள் அச்சடிக்க வேண்டாம். ஒட்டிய தாளிலேயே அதை எல்லோர் முன்னாலும் பேனாவால் அடித்து, தேதி போட்டு, அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.